முதல் ஆயிரம்

எங்கள் இலுப்பூரில் எழுத்தாளனாக இருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. ஒரு சங்கடமும் உண்டு. நாம் எழுதியதை ஊரில் யாரும் படித்திருக்க மாட்டார்கள். ஆகையால் தலை நிமிர்ந்து கடைத்தெருவில் நடக்கலாம். இது சௌகரியம். ஆனால் 'எழுதுகிறவர்' என்ற பெயர் மட்டும் எப்படியோ பரவிவிடும். ஆகையால் பட்டா மாறுதலிலிருந்து தெரு விளக்கு வரைக்கும் மனு எழுத நம் வீட்டுத் திண்ணைக்குத்தான் வருவார்கள். இது சங்கடம்.

சென்ற மாசி மாதத்தில் ஒரு நாள் காலை கணக்கு வாத்தியார் வந்தார். முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். பாதி ஊர் அவரிடம் குட்டுப்பட்டது. கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் ஏழெட்டுக் காகிதங்கள். முகத்தில், விடை சரியாக இருந்தும் வழி தப்பாகப் போட்ட பையனைப் பார்க்கிற கோபம்.

"தம்பி, ஒரு மனு எழுதணும். நல்லாக் காரமா இருக்கணும்" என்றார்.

"யாருக்கு, சார்?"

"இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிக்கு. வருஷா வருஷம் பணம் கட்டியிருக்கேன். ஒரே ஒரு தடவை கேட்டேன். பாதிக்குப் பாதி பிடிச்சுக்கிட்டான்."

நடந்தது இதுதான். வாத்தியாரிடம் ஒரு சிறிய கார் இருக்கிறது. வயசு நாலரை. தை மாதத்தில் விராலிமலைச் சாலையில் வந்துகொண்டிருந்தபோது ஓர் ஆட்டு மந்தை குறுக்கே பாய்ந்தது. ஆட்டைக் காப்பாற்ற வண்டியை ஒடித்தார். சைக்கிளில் வந்த பால்காரர் ஒருவரை இடித்துவிட்டார். அப்புறம் ஒரு புளியமரத்தில் போய் நின்றார். ஆடுகளுக்கு ஒன்றுமில்லை. புளியமரத்துக்கும் ஒன்றுமில்லை. பால்காரருக்குக் கை எலும்பு முறிந்தது. காருக்கு முன்பக்கம் நசுங்கியது. ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன் எல்லாம் ஆன பிறகு வண்டியைப் பட்டறையில் விட்டார். பில் 18,400 ரூபாய். கம்பெனி கொடுத்தது 9,100.

"ஒன்பதாயிரத்து முந்நூறு ரூபாயை விழுங்கிட்டான், தம்பி! இதைக் கேக்க நாதியில்லையா?"

நான் மனுவைத் தொடங்கினேன். 'உயர்திரு மேலாளர் அவர்கள் சமூகத்துக்கு' என்று எழுதிய பிறகு, காரம் சேர்ப்பதற்கு முன் விஷயத்தைத் தெரிந்துகொள்வது நல்லது என்று தோன்றியதால் காகிதங்களை வாங்கிப் பார்த்தேன். அந்தப் பார்வை என்னை இலுப்பூரிலிருந்து லண்டன் மாநகரத்துக் காப்பிக் கடை வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

பாலிசியில் 'டிடக்டிபிள்' என்று ஒரு சொல் இருந்தது. பழைய பத்திரங்களில் 'எக்ஸெஸ்' என்று போட்டிருப்பார்கள். நம்மவர்கள் சிலர் இதைக் 'கழிவு' என்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஜவுளிக் கடையில் கழிவு என்றால் கடைக்காரர் நமக்கு விட்டுக்கொடுப்பது. இங்கே நாமல்லவா விட்டுக்கொடுக்கிறோம்? சம்பளத்தில் பிடிக்கிற மாதிரி பிடிப்பதால் 'பிடித்தம்' என்றே சொல்லலாம். பிடித்தம் என்ற வார்த்தைக்கு விருப்பம் என்றும் பொருள் இருப்பது தமிழின் குறும்பு. இந்தப் பிடித்தத்தில் பிடித்தம் உள்ள ஓர் ஆத்மாவை நான் இதுவரை சந்தித்ததில்லை.

விஷயம் சுருக்கமானது. வண்டிக்குச் சேதம் வந்தால், கணக்குப் பார்த்து வருகிற தொகையில் முதல் கொஞ்சம் ரூபாய் வண்டிக்காரருடையது. அதற்கு மேல்தான் கம்பெனியுடையது. நம் நாட்டில் 2002 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த மோட்டார் கட்டண விதிகளில், 1,500 சி.சி. வரை உள்ள சொந்தக் காருக்கு இது 500 ரூபாயாக இருந்தது. அதற்கு மேற்பட்ட காருக்கு 1,000. மோட்டார் சைக்கிளுக்கு 50. பிற்பாடு இவற்றை இரட்டிப்பாக்கினார்கள். இன்று வழக்கத்தில் இருப்பது சிறிய காருக்கு 1,000, பெரிய காருக்கு 2,000, இரு சக்கர வண்டிக்கு 100. இது கட்டாயம். ஒவ்வொரு தடவை நஷ்ட ஈடு கேட்கும்போதும் உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை பிடித்தால் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர், அப்படியில்லை. மூன்று தடவை இடித்தால் மூன்று தடவையும் முதல் ஆயிரம் நம்முடையது.

"அதான் ஏன்னு கேக்கறேன்" என்றார் வாத்தியார். "முழு நஷ்டத்துக்கும்தானே பணம் வாங்கறான்? அப்புறம் முதல் ஆயிரம் மட்டும் ஏன் என் தலையிலே?"

நியாயமான கேள்வி. இதற்கு விடை மோட்டார் பிறப்பதற்கு வெகு காலத்துக்கு முன்பே கடலில் எழுதப்பட்டுவிட்டது.

பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனில் எட்வர்டு லாயிட் என்ற ஆசாமி ஒரு காப்பிக் கடை வைத்திருந்தார். கப்பல் முதலாளிகளும் சரக்கு வியாபாரிகளும் அங்கே கூடுவார்கள். கையில் காசும் நெஞ்சில் துணிவும் உள்ள சிலர், 'இந்தக் கப்பல் போய்ச் சேராவிட்டால் இவ்வளவுக்கு நான் ஜவாப்தாரி' என்று காகிதத்தின் அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள். காப்பி ஆறிப்போயிற்று, கையெழுத்து வியாபாரம் நிலைத்தது. லாயிட்ஸ் என்ற பெயர் இன்றைக்கும் உலகம் முழுவதும் செல்லுபடியாகிறது.

கையெழுத்துப் போட்டவர்களுக்குக் கப்பல் முழுகினால்கூட அவ்வளவு தொந்தரவு இல்லை. முழுகியது முழுகியதுதான், பணத்தைக் கொடுத்துவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொள்ளலாம். தொந்தரவு எங்கே வந்தது என்றால், கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்தபோது! 'தானியத்தில் ஒரு மூலை ஈரமாகிவிட்டது', 'மீன் கொஞ்சம் நாறுகிறது', 'சர்க்கரை கசிந்துவிட்டது' என்று ஒவ்வொரு வியாபாரியும் ஒவ்வொரு துண்டுக் கணக்கோடு வந்து நின்றான். கடல் காற்றில் சர்க்கரை கசியாமல் என்ன செய்யும்? கடல் கெடுத்ததா, தானாகக் கெட்டதா என்று கண்டுபிடிக்க ஆள் வைத்தால் அந்த ஆளின் கூலி நஷ்டத்தைவிட அதிகமாயிற்று.

ஆகவே 1749-ஆம் ஆண்டில் பாலிசியின் அடியில் ஒரு குறிப்புச் சேர்த்தார்கள். தானியம், மீன், உப்பு, பழம், மாவு, விதை - இவை வழியில் ஓரளவு கெட்டால் பணம் கிடையாது. கப்பல் தரை தட்டினாலோ, எல்லாரையும் காப்பாற்றுவதற்காகச் சரக்கைக் கடலில் தள்ள நேர்ந்தாலோதான் கேட்கலாம். சர்க்கரை, புகையிலை, சணல், ஆளி நார், தோல் - இவற்றில் 100-க்கு 5-க்குக் குறைந்த நஷ்டத்தைக் கேட்கக் கூடாது. மற்ற எல்லாச் சரக்குக்கும், கப்பலுக்கும்கூட, 100-க்கு 3. இந்தச் சின்னக் குறிப்பு சாகாவரம் பெற்றது. 1906-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் கடல் இன்ஷ்யூரன்ஸ் சட்டம் செய்தபோது மாதிரிப் பத்திரத்தோடு இதையும் சட்டத்தின் வாலில் சேர்த்தார்கள். 1980-களில் லாயிட்ஸ் புதுப் பத்திரம் போடும் வரை அந்த மாதிரிப் பத்திரம் உயிரோடு இருந்தது. ஒரு மளிகைக் கடைப் பட்டியல் 230 வருஷத்துக்கு மேல் நீடித்த அதிசயம் வேறு எங்கும் நடந்திருக்காது என்று நினைக்கிறேன்.

நம் வாத்தியாருடைய முதல் ஆயிரத்துக்கு இது முப்பாட்டன். ஆனால் முகஜாடையில் ஒரு வித்தியாசம் உண்டு. அதைக் கவனித்தால்தான் கதை ருசிக்கும்.

ஆயிரம் பவுன் பெறுமான சரக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 100-க்கு 3 என்றால் 30 பவுன். நஷ்டம் 29 பவுன் ஆனால் வியாபாரிக்கு ஒரு செப்புக் காசு கிடையாது. 31 ஆனாலோ, முழுசாக 31 பவுனும் கிடைத்துவிடும்! வேலியைத் தாண்டினால் தோட்டம் முழுவதும் நமது. இப்போது சொல்லுங்கள்: 29 பவுன் நஷ்டப்பட்ட வியாபாரி என்ன செய்வான்? கிடங்குக்குள் போய் இன்னும் இரண்டு மூட்டையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் என்ன என்று அவனுக்குத் தோன்றாதா? பரம யோக்கியனுக்கும் தோன்றும். இரண்டு பவுன் பொய்க்கு 31 பவுன் கூலி என்றால் அரிச்சந்திரனும் ஒரு நிமிஷம் யோசிப்பான்.

இன்றைய பிடித்தம் அப்படியல்ல. நஷ்டம் 29 ஆனாலும் முதல் 30 நம்முடையது. 31 ஆனாலும் முதல் 30 நம்முடையதே. இரண்டு பவுன் பொய் சொன்னால் ஒரு பவுன்தான் வரும். பொய்க்குச் சந்தையில் விலை விழுந்துவிட்டது. மனிதனைத் திருத்த எத்தனையோ மகான்கள் பாடுபட்டிருக்கிறார்கள். இந்த மூன்றாம் வகுப்புக் கழித்தல் கணக்கும் தன்னால் ஆனதைச் செய்திருக்கிறது.

இதைச் சொன்னதும் வாத்தியார் முகம் கொஞ்சம் மலர்ந்தது. கணக்கு அல்லவா! ஆனாலும் விடவில்லை. "அப்போ நான் வேணும்னே புளியமரத்துலே முட்டினேன்னு சொல்றியா?" என்றார்.

இல்லை. யாரும் வேண்டுமென்று முட்டுவதில்லை. ஆனால் நஷ்டத்தில் நமக்குப் பங்கே இல்லை என்றால் ஜாக்கிரதை சற்றுத் தளர்ந்துவிடுகிறது. இதற்கு லண்டனுக்குப் போக வேண்டாம். இலுப்பூர் இருந்த பழைய புதுக்கோட்டைச் சமஸ்தானத்திலேயே சாட்சி இருக்கிறது. அங்கே 'அமானி' என்றொரு ஏற்பாடு வெகு காலம் நடந்தது. அமானி நிலத்தில் விளைந்ததைச் சர்க்காரும் குடியானவனும் களத்தில் அளந்து பங்கு போட்டுக்கொள்வார்கள். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! நடந்தது வேறு. 'நான் கூடுதலாக உழைத்தால் கூடுதலாகச் சர்க்காருக்கும் அல்லவா போகிறது' என்று குடியானவனுக்கு மனம் சலித்தது. அறுத்த நெல் இரவில் நடந்து போகாமல் இருக்கக் காவல் வைத்தார்கள். அந்தக் காவலுக்கு ஒரு காவல் வேண்டியிருந்தது. திருவாங்கூரில் திவானாக இருந்துவிட்டு 1878-இல் புதுக்கோட்டைக்கு வந்த சேஷையா சாஸ்திரி இந்த அமானியை ஒழித்துத் தீர்வையைப் பணமாக நிர்ணயித்தார். அதற்கு மேல் விளைந்தால் குடியானவனுக்கு, குறைந்தாலும் அவனுக்கே. இன்ஷ்யூரன்ஸும் அமானியும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் இரண்டிலும் உள்ள மனித சுபாவம் ஒன்றுதான்.

சமஸ்தானத்துக்கு மோட்டார் வந்தது ரயிலுக்கு முன்னால் என்பது இங்கே நினைத்துக்கொள்ள வேண்டிய விஷயம். புதுக்கோட்டைக்கு ரயில் எட்டியது 1929-இல்தான். அதற்குப் பதினைந்து வருஷங்களுக்கு மேல் முன்னதாகவே டி.வி. சுந்தரம் ஐயங்கார் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டுவிட்டார். இலுப்பூருக்கு இன்றுவரை ரயில் இல்லை. ஆகையால் எங்களுக்கு எல்லாம் ரோடுதான், மோட்டார்தான். பஸ் விட்டவர்கள் பஸ்ஸோடு நிற்கவில்லை. மெட்ராஸ் மோட்டார் அண்டு ஜெனரல் இன்ஷ்யூரன்ஸ் என்ற கம்பெனி அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. லாரி வாங்கக் கடன் கொடுப்பதற்காக 1954-இல் இரண்டு லட்ச ரூபாய் மூலதனத்தோடு அந்த இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிக்குப் பிறந்த குழந்தைதான் சுந்தரம் பைனான்ஸ்.

பிற்பாடு 1971 மே மாதம் சர்க்கார் ஜெனரல் இன்ஷ்யூரன்ஸ் நிர்வாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டது. 1973 ஜனவரி முதல் 107 கம்பெனிகள் நான்காகச் சுருங்கின. நான்கில் யுனைடெட் இந்தியாவுக்குத் தலைமை இடம் சென்னை. 2000-இல் தனியாருக்கு மறுபடி கதவு திறந்தது. 2007 ஜனவரி முதல் தேதியிலிருந்து, வண்டியின் சொந்தச் சேதத்துக்கு என்ன பிரீமியம் வாங்குவது என்பதைக் கம்பெனிகளே நிர்ணயிக்கலாம் என்று ஆயிற்று. இந்த வரலாறு இவ்வளவு போதும். வாத்தியார் உள்ளே காப்பி வருகிறதா என்று எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

காப்பிக்குப் பிறகு அவர் கேட்ட கேள்வி என்னைக் கொஞ்சம் உலுக்கிவிட்டது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தணிந்த குரலில் கேட்டார்: "தம்பி, என் காசு போகட்டும். அந்தப் பால்காரத் தம்பி கேஸ் போட்டிருக்கான். அவனுக்குக் கொடுக்கிறதிலேயும் இப்படித்தான் பிடிப்பாங்களா?"

காரம் வேண்டும் என்று வந்த மனிதரின் உள்ளே இத்தனை நாளாக அரித்துக்கொண்டிருந்தது இதுதான் என்று அப்போது தெரிந்தது.

பிடிக்க மாட்டார்கள். பிடிக்கக் கூடாது. இதுதான் மோட்டார் இன்ஷ்யூரன்ஸ் சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பிரிட்டனில் 1930-ஆம் வருஷத்துச் சட்டம், ரோட்டில் வண்டி ஓட்டுகிறவன் பிறருக்கு விளைவிக்கும் காயத்துக்கும் உயிர்ச் சேதத்துக்கும் கட்டாயம் இன்ஷ்யூர் செய்திருக்க வேண்டும் என்றது. நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டம் 1939-இல் வந்தது. ஆனால் அதிலே இன்ஷ்யூரன்ஸைப் பற்றிய எட்டாவது அத்தியாயம் மட்டும் ஏழு வருஷம் உறங்கியது. 1946 ஜூலை முதல் தேதிதான் கண் விழித்தது. அப்போது இலுப்பூர் பிரிட்டிஷ் இந்தியாவிலேயே இல்லை. தொண்டைமான் மன்னரின் சமஸ்தானத்தில் இருந்தது. 1948 மார்ச் 3-ஆம் தேதி சமஸ்தானம் சென்னை மாகாணத்தில் சேர்ந்தது. 1956-இல் செய்த திருத்தம், விபத்து வழக்குகளை விசாரிக்கத் தனியாகத் தீர்ப்பாயங்கள் அமைக்க வழி செய்தது. 1988-ஆம் வருஷத்துப் புதிய சட்டமும் இந்தக் கட்டாயத்தை அப்படியே வைத்துக்கொண்டது.

அந்தச் சட்டத்தின் உள்ளர்த்தம் இது: முதல் ஆயிரம் என்பது வாத்தியாருக்கும் கம்பெனிக்கும் உள்ள பேச்சு. இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பால்காரர் எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்? அவர் பாட்டுக்குக் கேனை மாட்டிக்கொண்டு சைக்கிளில் வந்தார். அவர் கை எலும்பில் முதல் இத்தனை ரூபாய் உன்னுடையது என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. தீர்ப்பாயம் எவ்வளவு கொடுக்கச் சொல்கிறதோ அவ்வளவும் அவருக்குப் போய்ச் சேர வேண்டும். பாலிசியில் சொந்தச் சேதம் ஒரு பகுதி, மூன்றாம் மனிதருக்கு உள்ள பொறுப்பு வேறு பகுதி. பிடித்தம் முதல் பகுதியில் மட்டும் குடியிருக்கிறது. சுவரைத் தாண்டி அடுத்த வீட்டுக்குள் வராது.

வாத்தியார் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "அது போதும்" என்றார். மனுக் காகிதத்தில் நான் எழுதியிருந்த முதல் பாராவை அவரே பேனாவை வாங்கி அடித்தார்.

ஆனால் கணக்கு வாத்தியார் கணக்கைப் பாதியில் விடுவாரா? "சரி, ஆயிரம் புரியுது. மிச்சம் எட்டாயிரத்து முந்நூறு எங்கே போச்சு?" என்றார்.

உட்கார்ந்து பிரித்தோம். வரியைத் தள்ளிவிட்டுச் சொல்கிறேன். முன் பம்பர் 6,000 ரூபாய். பிளாஸ்டிக், ரப்பர், டயர், பாட்டரி இவற்றுக்கெல்லாம் தேய்மானம் பாதிக்குப் பாதி, ஆகவே 3,000. பானெட்டும் மற்றத் தகர பாகங்களும் 8,000. நாலு வயசு தாண்டி ஐந்து ஆகாத வண்டிக்கு 100-க்கு 35 தேய்மானம், ஆகவே 5,200. டிங்கரிங் முதலிய கூலி 4,400; கூலிக்குத் தேய்மானம் கிடையாது. கூட்டினால் 12,600. ஆக, தேய்மானத்தில் போனது 5,800. பழைய பம்பருக்குப் புதுப் பம்பர் போட்டுக்கொண்டால் அந்தப் புதுமைக்கு உரிய விலையை நாம் கொடுக்க வேண்டும் என்பது கம்பெனியின் வாதம். இந்தத் தேய்மானத்தையும் கம்பெனியே ஏற்கிற மாதிரி, கூடுதல் பிரீமியத்துக்கு ஒரு பாலிசி உண்டு. 'பம்பர் டு பம்பர்' என்று அதற்குச் செல்லப் பெயர். அதை வாங்கியவர்கள் காலணாக் கூடப் பிடிக்க மாட்டார்கள் என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். தேய்மானம்தான் போகுமே தவிர, கட்டாயப் பிடித்தம் பம்பருக்கும் பம்பருக்கும் நடுவில் சௌக்கியமாக உட்கார்ந்திருக்கும்.

12,600-இல் கட்டாயப் பிடித்தம் ஆயிரம் போனால் 11,600 வர வேண்டும். வந்ததோ 9,100. இன்னும் 2,500 எங்கே?

பாலிசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கட்டாயப் பிடித்தத்துக்குக் கீழே, எறும்பு வரிசை மாதிரி எழுத்தில் இன்னொரு வரி. 'தன்விருப்பப் பிடித்தம்: ரூ. 2,500.' கட்டாயத்துக்கு மேல், 'இன்னும் இவ்வளவை நானே தாங்கிக்கொள்கிறேன்' என்று நாமாக ஏற்றுக்கொள்வது அது. கைம்மாறாகப் பிரீமியத்தில் தள்ளுபடி. 2002-ஆம் வருஷத்து விதிகளில் இதற்குப் படிகள் போட்டிருந்தார்கள். 2,500 ரூபாய் ஏற்றுக்கொண்டால் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 100-க்கு 20 தள்ளுபடி, ஆனால் 750 ரூபாய்க்கு மேல் போகாது. 5,000-க்கு 25, உச்சம் 1,500. 7,500-க்கு 30, உச்சம் 2,000. 15,000 ஏற்றுக்கொள்ளும் வீரனுக்கு 35, உச்சம் 2,500. இன்றும் பல கம்பெனிகள் ஏறக்குறைய இதே படிகளில்தான் ஏறி இறங்குகின்றன.

"நான் விரும்பவே இல்லையே! தன்விருப்பமாவது!" என்று எழுந்துவிட்டார் வாத்தியார்.

அப்புறம் நினைவுக்கு வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்பு, புதுப்பிக்கும் சமயத்தில் ஒரு பையன் டெலிபோனில் பேசினான். "சார், பிரீமியம் கொஞ்சம் குறையணுமா?" என்று கேட்டான். உலகத்தில் யார் வேண்டாம் என்பார்கள்? 'குறையட்டும்' என்றார். அறுநூறு ரூபாய் குறைந்தது. எதைக் கொடுத்துக் குறைந்தது என்பதை அவன் சொல்லவில்லை, இவர் கேட்கவில்லை. காகிதம் வந்தது, உறையில் போட்டுப் பீரோவில் வைத்துவிட்டார். இரண்டு வருஷத்தில் மிச்சம் 1,200. புளியமரத்தில் போனது 2,500.

எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான். முதல் ஆயிரத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. இருநூற்றெழுபது வருஷத்துக் கடல் உப்பு அதில் உறைந்திருக்கிறது. தேய்மானத்தில் ஒரு வாதம் இருக்கிறது, ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம். ஆனால் ஒரு மனிதருடைய விருப்பத்தை அவருக்கே தெரியாமல் வாங்கி, அதற்குத் 'தன்விருப்பம்' என்று பெயரும் வைத்துவிடுகிறார்களே! தமிழில் நாலு வாக்கியம் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? "சார், வருஷம் அறுநூறு குறையும். ஆனால் வண்டி இடிபட்டால் ஆயிரத்தோடு இன்னும் இரண்டாயிரத்தைந்நூறு உங்கள் கையிலிருந்து போகும். சம்மதமா?" அவ்வளவுதான். காப்பி ஆறுவதற்குள் சொல்லிவிடலாம்.

மனுவில் இப்போது நிஜமாகவே காரம் சேர்த்து எழுதினேன். வாத்தியார் எதிரே அமைதியாக உட்கார்ந்து விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். நான் இரண்டாம் பக்கத்துக்குப் போனபோது, "கொஞ்சம் நிறுத்து, தம்பி" என்றார்.

"ஏன், சார்?"

"நான் வண்டி ஓட்ட ஆரம்பிச்சு பதினோரு வருஷம். இதுதான் முதல் விபத்து. வருஷத்துக்கு அறுநூறுன்னா பதினோரு வருஷத்துக்கு ஆறாயிரத்து அறுநூறு. நஷ்டம் ரெண்டாயிரத்தைந்நூறுதான். அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவைக்கு மேலே இடிக்காம இருந்தா இது எனக்கு லாபம்டா!"

நான் வாயைத் திறந்து மூடினேன். அவர் விடவில்லை. "அந்தப் பதினைஞ்சாயிரப் படியைப் பாரு. அதிகம் போனா வருஷத்துக்கு ரெண்டாயிரத்தைந்நூறு மிச்சம். ஆறு வருஷம் இடிக்காம இருக்கணும். அதுவும் அவ்வளவு தள்ளுபடி வர்றதுக்குப் பிரீமியமே ஏழாயிரத்துக்கு மேலே இருக்கணும். என் வண்டிக்கு மூவாயிரம். நூத்துக்கு முப்பத்தஞ்சுன்னா ஆயிரத்தைம்பதுதான் கிடைக்கும். பதினாலு வருஷம் ஆகும். அந்தப் படி எனக்கு வேண்டாம். சின்னப் படி சரி."

அத்தோடும் நிற்கவில்லை. நஷ்ட ஈடு கேட்காதவருக்கு வருஷா வருஷம் ஏறுகிற போனஸ் ஒன்று உண்டு: 20, 25, 35, 45, 50 என்று ஐந்து வருஷத்தில் பாதிப் பிரீமியம் வரை குறையும். ஒரு தடவை கேட்டால் ஏணி சரிந்துவிடும். மறுபடி தரையிலிருந்து ஏற வேண்டும். உச்சிப் படியில் நிற்கிறவருக்கு 6,000 ரூபாய் பிரீமியம் என்றால் போனஸ் 3,000. அவர் ஒரு கீறலுக்காக, பிடித்தமெல்லாம் போக 2,000 ரூபாய் வாங்கினால், அடுத்த வருஷமே 3,000 கூடக் கட்டுவார். "அப்போ சின்ன இடிக்குக் கேக்கறவன் தன் வீட்டுக்கே கன்னம் வைக்கிறான்" என்று வாத்தியார் சிரித்தார். முப்பத்திரண்டு வருஷத்துப் பழைய சிரிப்பு. கரும்பலகையில் விடை வந்துவிட்ட சிரிப்பு.

பங்குனியில் பாலிசியைப் புதுப்பிக்கும் நாள் வந்தது. அதே மாதிரி ஒரு பையன் டெலிபோனில் கூப்பிட்டானாம். தன்விருப்பப் பிடித்தம் வேண்டுமா வேண்டாமா என்று வாத்தியார்தான் அவனைக் கேட்டாராம். அவன் திகைத்துப் போய், "ஒரு நிமிஷம் சார், கேட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டான். திரும்பக் கூப்பிட்டபோது, "ரெண்டாயிரத்தைந்நூறு, அதே படி, இருக்கட்டும்" என்று சொல்லியிருக்கிறார். வந்த காகிதத்தை எறும்பு எழுத்து உட்பட முழுக்கப் படித்துவிட்டுத்தான் பீரோவில் வைத்தார்.

பால்காரருடைய வழக்குப் புதுக்கோட்டையில் நடக்கிறது. கை கூடிவிட்டது, கனம்தான் தூக்க முடியவில்லை. இப்போது பால் கொண்டு வருகிறவன் அவருடைய மகன், பத்தாவது படிக்கிற பையன். காலையில் பாலை ஊற்றிவிட்டு வாத்தியார் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து அரை மணி கணக்குப் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறான். நேற்று அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். பையன் மடியில் ஒரு காகிதம். ஒரு பக்கம் முழுக்கத் தனிவட்டிக் கணக்கு. திருப்பியபோது மறுபக்கத்தில் என் கையெழுத்து தெரிந்தது: 'உயர்திரு மேலாளர் அவர்கள் சமூகத்துக்கு.'